பழந்துவக்கின் விலை

யாழ்ப்பாணத்து மக்கள் துப்பாக்கியைத் துவக்கு என்றே வழங்குவர். துருக்கியம், பாரசீகம் முதலிய மொழிகளில் வழங்கிய துபக் என்னும் சொல்லே துப்பாக்கி எனவும் துவக்கு எனவும் தமிழில் உருமாறிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் கொள்கை. மலையாளத்தார் தோக்கு என்பர். சிங்களத்தார் துவக்குவ என்பர். மொழிகள் பலவற்றைக் கடந்து நம் நாவில் வந்து தங்கிய இச்சொல்லைப் போலவே, அக்கருவியும் கடல் கடந்து வந்து நம் வாழ்வில் இடம்பெற்ற ஒன்றாகும். அத்தகைய கருவிகளுள் பழமை வாய்ந்த ஒன்றனை, வேட்டை கருதியோ சேமிப்புக் கருதியோ இன்று விலைக்கு வாங்க விழைவோன் உண்மையில் எதனை வாங்குகின்றான் என்பதே இக்கட்டுரையிற் கருதப்படும் பொருள். வல்வெட்டித்துறையையும் அதனை அடுத்த கடற்கரையையும் நிலைக்களமாகக் கொண்டு இதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்தம் பீரங்கி முழக்கம் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியதை இராசாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் கூறுகின்றது. 1560 இல் அவர்கள் நல்லூர் மீது படையெடுத்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் வயமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அவர்தம் இடத்தைப் பெற்றனர். எனவே துவக்கு நம் நாட்டில் முதலில் ஆட்சியின் கருவியாகவே தோன்றிற்று. காலப்போக்கில் அது காவலின் கருவியுமாயிற்று. வன்னி நாட்டில் காட்டுப்பன்றியினின்றும் யானையினின்றும் நெல்வயலைக் காத்தற்கு, வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கையே உழவர் நம்பியிருந்தனர். விலங்கு வரும் தடத்திற் பொருத்திவைக்கும் கட்டுத்துவக்கும் அவ்வழி வந்ததே. அது விலங்கையும் மனிதனையும் வேறுபாடறியாது வீழ்த்துவதாதலின் பெருந்தீங்காயிற்று.

காவற் கருவியாக உழவன் கையில் இருந்த துவக்கு, ஆங்கிலத் துரைமார் கையில் விளையாட்டுக் கருவியாயிற்று. மேஜர் ரோஜர்ஸ் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றவர். அவர் 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். சாமுவேல் பேக்கர் இலங்கையில் தாம் ஆடிய வேட்டையை 1854 இல் நூலாகவே வெளியிட்டார். இத்தகைய வேட்டையின் பயனாக விலங்கினம் அருகி வருவதைக் கண்டோர், 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கமொன்றை இந்நாட்டில் நிறுவினர். அதனை முன்னின்று நடத்தியோர் பலர் தாமும் வேட்டையாடுவோரே என்பது நோக்கற்பாலது. கருவியின் வலி மிகுந்தோறும் அதனைக் கையாள்வோனே அதற்கு ஓர் எல்லை தேட வேண்டியவனாகின்றான். இவ்வுண்மையைத் தன்னியக்க வேட்டைத் துவக்கின் வரலாறு இன்னும் தெளிவாகக் காட்டும்.

வேட்டைத் துவக்கு ஒரே குண்டை எறிவதன்று. சிறிய ஈயச் சன்னங்கள் பலவற்றை விரித்து எறிவது. பறக்கும் பறவையை வீழ்த்துதற்கென்றே அது அமைந்தது. அதன் துளையின் அளவைப் பன்னிரண்டு, பதினாறு எனும் எண்களாற் கூறுவர். துளையிற் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஓர் இறாத்தல் நிறையுடையனவாயின் அது பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு. ஆதலின் எண் பெருகத் துளை சிறுகும். குழல் ஒன்றோ இரண்டோ உடைய பழைய துவக்குகளில் ஓரிரு வெடிகளுக்குப் பின் மீண்டும் தோட்டா இடவேண்டும். அவ்விடைவேளையிற் பறவைக் கூட்டம் தப்பிவிடும்.

இவ்விடைவேளையை ஒழித்தவர் அமெரிக்கராகிய ஜோன் மோசஸ் பிரௌனிங் (1855–1926). ஒரு வெடியின் எதிருதைப்பையே வினைக்குப் பயன்படுத்தி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, புதிய தோட்டாவைத் தானே ஏற்றும் துவக்கொன்றை அவர் 1898 அளவில் அமைத்து, 1900 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை இழுத்தல் வேண்டுமாதலின் இதனை அரைத்தன்னியக்கத் துவக்கு என்பர். வெடித்தவுடன் குழலும் தாழும் ஒன்றாய்ப் பின்னோக்கி ஓடும். பின்னர்க் குழல் சுருள்வில்லின் விசையால் முன்னே மீளும். தாழ் அதன்பின் மீண்டு அடுத்த தோட்டாவைக் குழலுட் செலுத்தும். இவ்வாறு ஐந்து வெடிகள் வரை இடையறாது தீர்க்கலாம்.

வின்செஸ்டர் நிறுவனத்தார் பிரௌனிங்கின் ஆக்கங்களை அதுவரை மொத்த விலைக்கே பெற்றுவந்தனர். இத்துவக்குக்கோ அவர் விற்பனைதோறும் பங்கு கேட்டார்; அவர்கள் உடன்படவில்லை. பின்னர் ரெமிங்டன் நிறுவனத் தலைவராகிய ஹார்ட்லியை நாடிச் சென்றார். 1902 சனவரியில், சந்திப்புக்குக் குறித்த அந்நாளிலேயே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்தார். அதன்மேல் பிரௌனிங் பெல்ஜியம் சென்று, எர்ஸ்தால் நகரத்து எவ்.என். தொழிற்சாலையாரோடு ஒப்பந்தஞ் செய்தார். அங்கே உருவாகிய துவக்கே, பின்புறம் திமில்போல் உயர்ந்த வடிவால் உலகெங்கும் அறியப்பட்ட ஓட்டோ-5 என்பது. ரெமிங்டன் நிறுவனமும் 1905 முதல் உரிமை பெற்று இதனைச் செய்தது. வின்செஸ்டரோ, காப்புரிமைக்கு அகப்படாத வேறொரு வடிவை 1911 இல் வெளியிட்டது. அதில் தாழை இழுக்கும் கைப்பிடி இல்லை. குழலையே கையாற் பற்றிப் பின்தள்ள வேண்டும். தோட்டா உள்ளிருக்க அவ்வாறு செய்தோருள் சிலர் உயிரிழந்தமையால், கைம்பெண்களை உண்டாக்கும் துவக்கு என அது பழிப்பெயர் பெற்றது.

இக்கருவி தோன்றியபோதே அதற்கு எதிர்ப்பும் தோன்றிற்று. அமெரிக்க இயற்கையறிஞர் ஹோர்னடே, தன்னியக்கத் துவக்கைப் பறவைவேட்டையினின்று விலக்கவேண்டுமெனப் போராடினார். கோடிக்கணக்கில் வானை மறைத்துப் பறந்த பயணப்புறா என்னும் பறவையினத்தின் இறுதிப்புறா 1914 இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. அவ்வினம் அழிந்தது தன்னியக்கத் துவக்கினாலன்று. அதற்கு முந்திய துவக்குகளும் வலைகளும் காடழிப்புமே அதற்குப் போதியவாயிருந்தன. அங்ஙனமாயின் ஐந்து வெடித் துவக்கினால் யாது விளையும் என்பதே அன்று எழுந்த கேள்வி. 1935 இல் அமெரிக்க அரசு, வலசைப் பறவைகளை வேட்டையாடுவோர் துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றலாகாதென விதித்தது. ஐந்துக்கென அமைந்த துவக்குகளில் மரக்கட்டையைச் செருகி இடத்தைக் குறைக்கும் வழக்கம் இதனாற் பரவிற்று.

இவ்விதி நம் கரைக்கும் உரிய ஒரு படிப்பினையாகும். வல்வெட்டித்துறைக்கு மேற்கே தொண்டைமானாற்று நீரேரி கடலோடு கலக்கின்றது. ஐப்பசி மாரி தொடங்க, வட ஆசியக் குளிருக்கு அஞ்சிய ஊசிவால் தாராக்களும் பிற நீர்ப்பறவைகளும் குடாநாட்டின் நீரேரிகளை நாடி வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலன்றி அவற்றுக்குத் தங்குநிலம் இல்லை. ஆதலின் இங்கு வரும் பறவை தன் வழியின் முடிவுக்கே வந்துவிட்ட விருந்தினன். இவற்றைக் காக்கும் நோக்குடன் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலே சுண்டிக்குளம் பறவைச் சரணாலயமாயிற்று. 2015 இல் அது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. துவக்கு வைத்திருத்தற்கோ 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் முன்னரே அனுமதிப்பத்திரத்தை வேண்டியிருந்தது. ஆகவே அடுத்தடுத்துப் பிறந்த இரு சட்டங்களுள், ஒன்று கருவியையும் மற்றது உயிரையும் எல்லைப்படுத்தின.

ஆயின் வல்வெட்டித்துறையில் நின்று துவக்கைப் பற்றிப் பேசுவோர் பறவையோடு நிறுத்திக்கொள்ள இயலாது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையிற் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய இளைஞர் பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளையும் கையாற் செய்த குண்டுகளையுமே ஏந்தியிருந்தனர். 1980களில் எல்லைக் கிராமங்களின் ஊர்காவற் படையினருக்கு அரசு வழங்கியதும் வேட்டைத் துவக்குகளே. பயிர்காக்கப் பிறந்த கருவி மனிதனுக்கு எதிரே திரும்பிற்று. ஆயுதப் போராட்டத்தோடு நெருங்கிய தொடர்புடைய வல்வெட்டித்துறை, அதன் விளைவுகளையும் மிகுதியாக ஏற்றது. 1989 ஆகஸ்டு 2 முதல் 4 வரை இந்திய அமைதிப்படையினரால் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் அவ்வூரிற் கொல்லப்பட்டனர். 2009 இல் போர் முடிந்தபின், துவக்கு என்னும் சொல் அவ்வூர் முதியோர் செவியில் ஒலிப்பது வேறு. பழம்பொருள் விற்பனைப் பட்டியலில் ஒலிப்பது வேறு.

இவற்றை மனத்திற் கொண்டு, பழந்துவக்கை வாங்க விழைவோன் ஆராயவேண்டுவன யாவை என்பதைக் காண்போம். முதலாவது, சட்டம். உரிய அதிகாரியின் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கை வாங்குதலும் வைத்திருத்தலும் குற்றமாம். பழமை அதற்கு விலக்கு ஆகாது. இரண்டாவது, கருவியின் உடல்நலம். ஓட்டோ-5 இல் எதிருதைப்பைத் தாங்கும் உராய்வு வளையங்கள் தோட்டாவின் வலிக்கேற்ப மாற்றி அமைக்கப்பட வேண்டும். அதனை அறியாதார் பலகாலம் வழங்கிய துவக்கில் முன்கை மரம் பிளந்திருத்தல் உண்டு. பதினாறாம் இலக்கத்து முற்காலத் துவக்குகள் 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கென அமைந்தவை. அவற்றில் இக்காலத்து 70 மில்லிமீற்றர்த் தோட்டாவை இடுதல் கேடு விளைக்கும். மூன்றாவதும் தலையாயதும், அதன் வரலாறு. யார் கையினின்று, எவ்வழியால், எப்பத்திரத்துடன் அது வந்தது என்பதே அது.

வரலாற்றின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். லெவுகே திசாவை என்பார், நாயக்கர் வழியின் முதல் மன்னனாகிய ஸ்ரீ விஜய இராசசிங்கனுக்கு அளித்த அணிப்பீரங்கியை, 1765 இல் கண்டி அரண்மனையினின்று ஒல்லாந்தர் கவர்ந்து சென்றனர். அது நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட் காட்சிச்சாலையில் இருந்தது. அது வந்த வழியை அறிஞர் ஆராய்ந்து நிறுவியபின், 2023 இல் பெருந்துவக்குகள் இரண்டனோடும் வாள் முதலியவற்றோடும் இலங்கைக்கு மீண்டது. அதனை மீட்டது படையன்று, ஏட்டுச் சான்று.

வல்வெட்டித்துறை இதற்கு வேறொரு சான்றும் தரும். அவ்வூர்த் தச்சர் 1930 அளவிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, அமெரிக்கராகிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதன் பழையமுறை வனப்புக் கருதி விலைக்குப் பெற்றார். புளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் புதுப்பெயர் பூண்ட அக்கப்பலை வல்வைக் கடலோடிகளே செலுத்திச் சென்று 1938 இல் மசாச்சூசெற்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகஞ் சேர்த்தனர். கப்பலின் பெயர் மாறியும், அதனைக் கட்டிய ஊரும் செலுத்தியோரும் இன்றும் நினைக்கப்படுகின்றமைக்குக் காரணம், வாங்கியோரும் ஊராரும் அவ்வரலாற்றைப் பேணியமையே. பழம்பொருளை வாங்குவோன் பொருளோடு அதன் வரலாற்றையும் பேணக் கடமைப்பட்டவன் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகலின் பழந்துவக்கின் விலை இரும்பிலும் மரத்திலும் இல்லை. வேட்டைக்கென அதனை வாங்குதல், நீரேரிக்கு வரும் விருந்தினரை எண்ணுங்கால், இன்று நம் கரைக்குத் தகுவதன்று. சேமிப்புக்கென வாங்குவோன் அதனோடு பழைய அனுமதிப்பத்திரம், உரிமையாளர் கடிதம், வயற்காவல் பற்றிய முதியோர் வாய்மொழி ஆகியவற்றையும் தேடித் தொகுத்தல் வேண்டும். துவக்கைச் சட்டப்படி வெடிக்கும் ஆற்றலை நீக்கிக் காட்சிச்சாலைக்கு உரியதாக்குதல் அதனினும் நன்று. இடியன், கட்டுத்துவக்கு முதலிய சொற்களின் பொருளை அனுபவத்தால் அறிந்த உழவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. விடுமுறையில் வன்னிக்கும் வடமராட்சிக்கும் செல்லும் நம் மாணவர், அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பாராயின், அத்தொகுப்பு எத்துவக்கினும் விலைமிக்க செல்வமாய் வருங்காலத்தார்க்குப் பயன்படும்.