பள்ளித் தாதியும் தோழமையும்

கண்டி நகரை விட்டு ஹந்தானை வழியாகவோ, கம்பளையிலிருந்து புசல்லாவை நோக்கியோ மலையேறும் எவரும் தேயிலைச் சரிவுகளின் நடுவே தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைக் காண்பர். அங்கே படிக்கும் ஒரு பிள்ளை சோகை பிடித்து, கண் வெளுத்து, பாடத்தில் மனம் செல்லாமல் சோர்ந்து கிடந்தால், அதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் யார்? கேள்வி சிறியதுதான். ஆனால் விடை தேடப் புகுந்தால் நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளித் தாதி என்ற தொழில் அரண்மனைகளில் பிறந்ததன்று. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் பிறந்தது. 1892இல் ஏமி ஹியூஸ் என்ற தாதி லண்டனில் ட்ரூரி லேன் பகுதிப் பள்ளி ஒன்றுக்குச் சென்று பிள்ளைகளின் புண்களுக்கு மருந்திட்டார். 1898இலேயே அந்நகரில் பள்ளித் தாதியர் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1902இல் நியூயார்க்கில், லில்லியன் வால்டின் முயற்சியால் லீனா ராஜர்ஸ் நான்கு பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். அதுவரை அங்கே வைத்தியர் செய்த வேலை, நோயுள்ள பிள்ளையைக் கண்டு வீட்டுக்கு அனுப்புவதோடு முடிந்தது. வீட்டிலோ மருந்தும் இல்லை, மருந்து வாங்கக் காசும் இல்லை. தாதி பிள்ளையின் பின்னே வீடுவரை நடந்தாள். அவ்வாண்டு செப்டம்பரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். ஓராண்டு கழிந்தபின் அத்தொகை ஏறத்தாழ ஆயிரத்து நூறாகச் சுருங்கிற்று.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி பயிராயிற்று. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த மக்கள் லயன்களில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்ட சட்டங்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்திற்று. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவ வசதி பற்றிப் பேசின. கல்விக்கு ஒரு சட்டம், மருத்துவத்துக்கு வேறொரு சட்டம்! பள்ளியில் ஓராசிரியர் தனித்திருந்தார். மருந்துச்சாலையில் மருந்து கொடுப்பவர் தனித்திருந்தார். லயத்தில் மருத்துவமாது தனித்திருந்தாள். மூவருக்கும் எசமான் ஒருவரே. எனினும் மூவரும் கூடியிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்ற விதி எங்குமே இல்லை.

இதன் விளைவு என்ன என்பதை மாத்தளை காட்டிற்று. 1916இல் ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியோடு அங்குள்ள தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. மருந்து உண்டவர் உடலிலிருந்து புழு நீங்கிற்று. ஆயின் மலசலகூடமில்லாத மண்ணிலே வெறுங்காலோடு நடந்தவரை அது மீண்டும் பற்றிக்கொண்டது. மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினர். மருந்து கொடுத்தவனுக்கு உண்மை தெரியும். ஆனால் துரையின் சம்பளத்தில் வாழும் தனியொருவன் துரையின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி வாய் திறப்பது எங்ஙனம்?

1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பகுதி இதற்கு வேறொரு வழி காட்டியது. வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரத் தாதி, பரிசோதகர், மருத்துவமாது ஆகியோர் ஓர் ஊருக்குக் கூட்டாகப் பொறுப்பேற்றனர். அம்முறை நாடெங்கும் பரவிற்று. தோட்டமோ நெடுங்காலம் அதற்குப் புறத்தேயே நின்றது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பள்ளிகளை எளிதில் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

இன்றும் இலங்கையில் பள்ளிதோறும் ஒரு தாதி இல்லை. பெரிய பள்ளிகளில் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களின் மாணவரைச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பரிசோதிக்கிறது. சிறிய பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதற்கு ஏற்பாடு செய்கிறார். பிள்ளைகளின் பற்களைக் காக்க மகரகமவில் பயிற்சி பெற்ற பள்ளிப் பற்சிகிச்சையாளர் இருக்கின்றனர். இவர்கள் செய்யும் தொண்டு பெரிது. எனினும் பரிசோதனை முடிந்த மறுநாள் பிள்ளையின் அருகே எஞ்சி நிற்பவர் ஆசிரியர் ஒருவரே.

பிற நாடுகள் இவ்விடைவெளியை எவ்வாறு நிரப்பின? ஜப்பானில் 1905இல் கண்நோயைத் தடுக்கப் பள்ளிக்கு வந்தாள் தாதி. 1947ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் அவள் ஆசிரியர் குழாத்தில் ஒருத்தியாகவே இடம்பெற்றாள். அமெரிக்காவில் 1968இல் பள்ளித் தாதியரின் தேசிய அமைப்பு உருவானது ஆசிரியர் சங்கத்தினுள்ளே. மருத்துவமனைத் தாதிக்குப் பக்கத்துக் கட்டிலில் தோழி உண்டு. ஐயம் தோன்றினால் கேட்கலாம். பள்ளித் தாதிக்கு அது இல்லை. ஆகவேதான் அவள் சங்கத்தை நாடினாள், ஆசிரியரை நாடினாள். சங்கம் அவளுக்கு அறிவைப் புதுப்பிக்கும் இடமாயிற்று. கண்ட உண்மையை அஞ்சாது சொல்லும் துணிவையும் அதுவே தந்தது.

கண்டியில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது; பேராதனையில் மருத்துவ பீடமும் பல்மருத்துவ பீடமும் இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் மாதந்தோறும் கூட்டம் நடைபெறுகிறது. அக்கூட்டத்தில் தோட்டத்து ஆசிரியருக்கும், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருக்கும் ஓர் ஆசனம் போட்டால் என்ன? பிள்ளையின் தாய் பேசும் தமிழில் அங்கே பேச்சு நடந்தால் என்ன? இதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.

மாத்தளையில் தோற்றது மருந்தன்று. மருந்து கொடுத்தவனின் தனிமையே தோற்றது. அத்தனிமையைப் போக்கும் கடமை தாதியருக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் வெளுத்த கண்களை நாள்தோறும் காணும் ஆசிரியராகிய நமக்கும் அது உரியது.