கனவில் கிடைத்த கட்டுப்பாடு: சர்வோ மோட்டாரின் கதை

ஒரு சிறிய மின்மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும். நிறுத்தினால் நிற்கும். ஆனால் "சரியாக 40 பாகை திரும்பி அங்கேயே நில்" என்றால் அதற்குப் புரியாது. தான் எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்பது அந்த மோட்டாருக்கே தெரியாது! நேரம் பார்த்து நிறுத்தலாமா என்றால் அதுவும் முடியாது. பாரம் கூடினால் மெதுவாகவும், குறைந்தால் வேகமாகவும் சுற்றும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் சர்வோ.

இந்தச் சிந்தனை மின்சாரத்தோடு பிறந்ததல்ல. 1860களில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பலின் சுக்கானைத் திருப்ப, ஜான் மெக்ஃபார்லேன் கிரே ஒரு நீராவி இயந்திரத்தைப் பொருத்தினார். மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறாரோ அந்த அளவுக்குச் சுக்கானும் திரும்பி நின்றுவிடும். 1873-இல் பிரான்சைச் சேர்ந்த ஜோசப் ஃபார்கோ இத்தகைய இயந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் 'சர்வோ மோட்டார்' என்று பெயரிட்டார். லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. 1934-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் ஹேசன் இதற்கான கோட்பாட்டை வகுத்தார்.

அது செயல்படும் விதம் எளிது. மோட்டாரின் அச்சோடு ஒரு பொட்டென்சியோமீட்டரை இணைக்க வேண்டும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதே, அதேதான். அச்சு திரும்பத் திரும்ப அதிலிருந்து வரும் மின்னழுத்தம் மாறும். ஆக, மின்னழுத்தத்தைப் பார்த்தாலே அச்சு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நிற்க வேண்டிய இடத்துக்கான மின்னழுத்தத்தோடு இதை ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்கி மோட்டாருக்குக் கொடுத்தால், வித்தியாசம் தீரும்வரை மோட்டார் சுற்றும். தாண்டிப் போனால் எதிர்த்திசையில் திரும்பி வரும்.

1940-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்க்கின்சன் என்ற இளம் பொறியாளர், மின்னழுத்த மாற்றங்களைக் காகிதச் சுருளில் வரையும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார. அதன் பேனாவைச் சரியான இடத்தில் நிறுத்தியது ஒரு சிறிய பொட்டென்சியோமீட்டர். ஐரோப்பாவில் ஜெர்மன் படைகள் முன்னேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஓர் இரவு அவருக்கு ஒரு கனவு வந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்று சுடுகிறது. சுட்ட ஒவ்வொரு முறையும் ஒரு விமானம் விழுகிறது! அருகில் சென்று பார்த்தால், பீரங்கியின் பக்கவாட்டில் அவருடைய பொட்டென்சியோமீட்டர்!

கண்விழித்தவருக்கு அர்த்தம் புரிந்தது. பேனாவை நிறுத்த முடிந்தால் பீரங்கியையும் நிறுத்த முடியும். தன் மேலாளர் கிளாரன்ஸ் லவெலிடம் சொன்னார். இருவரும் வேலையில் இறங்கினார்கள்.

இதன் தேவை என்ன? மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 20 விநாடிகளில் 2 கி.மீ.க்கு மேல் கடந்துவிடும். பீரங்கிக் குண்டு உயரே போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகலாம். ஆகவே விமானம் இருக்கும் இடத்தை அல்ல, வரப்போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். அதுவரை இந்தக் கணக்கைப் போட்டவை நுணுக்கமாகக் கடைந்தெடுத்த பல்சக்கரங்கள். அவற்றைச் செய்யவே நீண்ட காலம் பிடிக்கும். பெல் குழு அந்த இடத்தில் பெருக்கிகளையும், பொட்டென்சியோமீட்டர்களையும், அவற்றைத் திருப்பும் சிறு சர்வோ மோட்டார்களையும் வைத்தது. 1942-இல் அமெரிக்க ராணுவம் 'எம்-9' என்ற பெயரில் இதை ஏற்றுக்கொண்டது.

1944 ஜூன் மாதம் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன் மீது விழத் தொடங்கின. அவற்றால் பிரிட்டனில் இறந்தவர்கள் 6,000-க்கும் அதிகம். ஜூலையில் பீரங்கிகள் தெற்குக் கடற்கரைக்கு மாற்றப்பட்டன. எஸ்.சி.ஆர்-584 ரேடார் குண்டைப் பின்தொடர, எம்-9 கணக்கிட, இலக்கின் அருகே தானே வெடிக்கும் புதிய வெடிப்பான் வேலையை முடித்தது. ஆகஸ்ட் 28 அன்று வந்த 90-க்கும் மேற்பட்ட குண்டுகளில் லண்டனை அடைந்தவை வெறும் 4!

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஆளில்லாத வி-1-இன் சுக்கானைத் திருப்பியதும் ஒரு சர்வோதான்; அது அழுத்தக் காற்றில் இயங்கியது. குண்டு நேர்கோட்டில் தவறாமல் பறந்ததால்தான் எம்-9-இன் கணிப்பும் தவறவில்லை. கொல்ல வந்ததும் காக்க நின்றதும் ஒரே தத்துவத்தின் பிள்ளைகள்.

இன்று பொம்மை விமானங்களிலும் மாணவர்களின் ரோபோக்களிலும் இருக்கும் சாதாரண சர்வோவைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சிறு மோட்டார், சில பல்சக்கரங்கள், ஒரு பொட்டென்சியோமீட்டர், ஒரு மின்சுற்று இருக்கும். வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வரும். துடிப்பு 1.5 மில்லிவிநாடி நீடித்தால் அச்சு நடுவில் நிற்கும். குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். பார்க்கின்சன் கனவில் கண்ட அதே உறுப்பு இன்று தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் அடங்கி, சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்கிறது.