உங்கள் போன் தூங்கும் நேரத்தில் மருந்து தேடலாம்! கம்ப்யூட்டிங் தானம் செய்வது எப்படி?

ராத்திரி போனை சார்ஜில் போட்டுட்டுப் படுக்கிறீங்க. ஒன்றிரண்டு மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். அதற்குப் பிறகு காலை வரை அந்த போனுக்கு வேலையே இல்லை. வீட்டில் இருக்கும் லேப்டாப்பும் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. இப்படி வீணாகும் நேரத்தைப் புற்றுநோய், அல்சைமர் போன்ற நோய்களுக்கான ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியும். ரத்த தானம் மாதிரி, இது கம்ப்யூட்டிங் தானம்.

இன்ஸ்டால் பட்டனைத் தொடும் முன், இது என்ன செய்யும், என்ன செய்யாது, உங்களுக்கு என்ன செலவு என்பதைத் தெரிஞ்சுக்கோங்க.

மருந்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். மணி கோத்த மாலை போன்ற இந்தச் சங்கிலிகள் சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். பல மருந்துகள், புரதத்தில் இருக்கும் ஒரு சிறு பள்ளத்தில், பூட்டுக்குள் சாவி போலப் போய் உட்காருகின்றன. லட்சக்கணக்கான சாவிகளை லேபில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் காலமும் பணமும் கரைந்துவிடும். அதனால் முதல் வடிகட்டலைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல், இந்தப் பூட்டு சும்மா இருக்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவைக் கணக்கிட, ஒரு வினாடியை நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். வெறும் ஒரு மில்லி வினாடி அசைவுக்கே சுமார் 50,000 கோடி படிகள் தேவை. ஒரே கம்ப்யூட்டரிடம் விட்டால் எப்போது முடியும்?

அதனால்தான் வேலையைப் பிரித்துப் பல வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கருவி ஒரு துண்டை வாங்கிக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். பிறகு அடுத்த துண்டு வரும். சில திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து, விடை ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்ப்பார்கள்.

இதுவரை என்ன கிடைத்தது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2000-ல் தொடங்கியது 'ஃபோல்டிங் அட் ஹோம்'. 2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இதில் சேர்ந்தன. மொத்த வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது, வினாடிக்கு 1-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட அளவு கணக்குகள். அன்றைய நம்பர் ஒன் சூப்பர் கம்ப்யூட்டரான 'சம்மிட்'டைவிட இது பல மடங்கு.

இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய சிமுலேஷனின் மொத்த நீளம் எவ்வளவு தெரியுமா? 0.1 வினாடி! ஆனால் அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குள், கொரோனா வைரஸின் புரதங்களில் சாதாரணப் படங்களில் தெரியாத 50-க்கும் மேற்பட்ட மறைவுப் பள்ளங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றும் மருந்து உட்கார வாய்ப்புள்ள இடம்.

'கோவிட் மூன்ஷாட்' என்ற திட்டத்துக்கும் இந்தக் கணக்குகள் உதவின. உலகெங்கும் இருந்து வந்த 18,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறு வடிவங்களில், லேபில் உருவாக்கியது சுமார் 2,400. முடிவுகளுக்கு பேட்டன்ட் வாங்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

2004-ல் ஐ.பி.எம் தொடங்கிய 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்'டில், நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க்காக ஜப்பான் ஆய்வாளர்கள் 30 லட்சம் மூலக்கூறுகளை அலசினார்கள். நம்பிக்கை தந்தவை 7. எலிகளில் நல்ல பலன் தெரிந்தது.

இங்கேதான் கவனம் தேவை. எலியில் பலன் தந்ததெல்லாம் மருந்துக் கடைக்கு வந்துவிடாது. அதன் பிறகு மனிதர்களிடம் சோதனை, அனுமதி எனப் பல ஆண்டுகள் இருக்கின்றன. நீங்கள் தருவது மருந்தை அல்ல; தேட வேண்டிய இடத்தைச் சுருக்கித் தருகிறீர்கள்.

ஏ.ஐ வந்த பிறகும் இது தேவையா?

நியாயமான கேள்வி. ஆல்ஃபாஃபோல்டு போன்ற ஏ.ஐ, புரதத்தின் வடிவத்தைச் சட்டெனச் சொல்லிவிடும். 2024-ன் வேதியியல் நோபல் பரிசில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது போட்டோ மாதிரி. புரதம் எப்படி அசைகிறது, பள்ளம் எப்போது திறக்கிறது என்பதைப் பார்க்க வீடியோ வேண்டும். அதற்கு இந்தக் கணக்குகள் இன்னமும் தேவை.

கரன்ட் பில் எவ்வளவு எகிறும்?

போன் என்றால் கவலை வேண்டாம். 5 வாட் வீதம் தினமும் 6 மணி நேரம் ஓடினால், மாதம் ஒரு யூனிட்கூட ஆகாது. கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் கம்ப்யூட்டர் வேறு கதை. 200 வாட் வீதம் தினமும் 8 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்துக்கு 96 யூனிட். உங்கள் உண்மையான நன்கொடை இந்த கரன்ட்தான். பில் கட்டுவது அப்பாவா இருந்தா, முதல்ல அவர்கிட்ட கேளுங்க!

சூடும் பேட்டரியின் எதிரி. கவர் போட்டு மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். பேட்டரி உப்பிய பழைய போனில் முயற்சியே வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

* ஆண்ட்ராய்டு போன்: பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'பாய்ங்க்' செயலி. ஆங்கிலத்தில் பி, ஓ, ஐ, என், சி என்று தேடுங்கள். சார்ஜில் இருக்கும்போது, பேட்டரி 90 சதவிகிதத்தைத் தாண்டிய பிறகே கணக்குப் போடும். வைஃபையில் மட்டும் டேட்டா எடுக்கும். இந்த செட்டிங்கை மாற்றாதீர்கள். எல்லாத் திட்டங்களும் போனில் ஓடாது. சேரும் முன் பாருங்கள்.
* ஐபோன்: பாய்ங்க் கிடையாது.
* லேப்டாப், கம்ப்யூட்டர்: ஃபோல்டிங் அட் ஹோம் அல்லது பாய்ங்க். ஃபோல்டிங்கில் எந்த நோய்க்கு உதவணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஃபேன் சத்தம் போட்டால் வேகத்தைக் குறையுங்கள்.
* ஆபீஸ், காலேஜ் கம்ப்யூட்டர்: அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.

டவுன்லோடு எப்போதும் அதிகாரபூர்வ தளத்திலிருந்துதான். இதில் பணம் கிடைக்காது. பணம் கட்டவும் வேண்டாம். 'போனை ஓடவிட்டால் தினமும் வருமானம்' என்றோ, ஓ.டி.பி, ஆதார் எண் கேட்டோ மெசேஜ் வந்தால் அது மோசடி. உடனே பிளாக் பண்ணுங்க.

முதலில் ஒரு வாரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சூடு, பேட்டரி, பில் மூன்றும் ஓகே என்றால் தொடருங்கள். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்வதிலும் தப்பே இல்லை. அதுவரை நீங்கள் முடித்து அனுப்பிய கணக்குகள் ஆராய்ச்சியாளர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.