குள்ள உடும்புக்கான அடைப்பு

உடும்புகள் எல்லாம் வரானஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்குபவை. ஜெர்மானிய விலங்கியலாளர் மெர்ரெம் 1820இல் சூட்டிய பெயர் இது; அரபியில் உடும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் உடும்பை அதற்கு முன்பே, 1802இல், பிரெஞ்சுக்காரரான தோதேன் வங்காளத்தின் பெயரைச் சூட்டி விவரித்திருந்தார். ஆஸ்திரேலியக் குள்ள உடும்புகளுக்கு 1838இல் கிரே ஒடாட்ரியா என்ற தனிப் பிரிவை வகுத்தார். அவற்றுள் இன்று உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படும் முள்வால் உடும்பை 1885இல் பூலஞ்சர் விவரித்தார். வால் உட்பட அது சுமார் இரண்டடி. மூன்று மீட்டர் வளரும் கொமோடோ உடும்பும் இதே பேரினம்தான். இந்த வகைப்பாட்டை வெறும் பெயர்ப் பட்டியலாகக் கொள்ளக் கூடாது. உடல் சுருங்கியிருக்கிறதே தவிர, உடும்பின் வாழ்முறை சுருங்கவில்லை. பிளவுபட்ட நாக்கால் மோப்பம் பிடித்து இரை தேடி அலைவதும், பல்லியினத்தில் அரிதான மூச்சுவலிமையும் குள்ள இனங்களுக்கும் உண்டு. ஆகவே ‘சிறிய உடும்புக்குச் சிறிய பெட்டி’ என்ற கணக்கு அடிப்படையிலேயே பிழை. அடைப்பைத் தீர்மானிக்க வேண்டியவை வெப்பமும் மண்ணின் ஆழமுமே.

முதலில் வெப்பம். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். எதிர்மூலை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இவ்வளவு சூடு பிராணியைப் பொசுக்கிவிடாதா என்பது நியாயமான கேள்வி. சூடான இடமும் குளிர்ந்த இடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், உடும்பு சில நிமிடங்களில் வேண்டிய சூட்டை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடும். சூடு குறைந்த ஒற்றை பல்பின் கீழ் மணிக்கணக்காகக் கிடக்க நேரும்போதுதான் முதுகுத்தோல் வேகிறது. இதற்கு எளிய வழி பலகை அடுக்கு: நான்கைந்து பிளைவுட் துண்டுகளை இடையிடையே கட்டை கொடுத்து, உடும்பு நுழையும் அளவு சந்துவிட்டு அடுக்கி, மேலே ஹாலோஜன் விளக்கைத் தொங்கவிடுவது. மேல்பலகை கொதிக்கும், கீழ்ச்சந்து இதமாக இருக்கும். தனக்கு வேண்டிய தட்டை உடும்பே தேர்ந்துகொள்ளும்.

அடுத்தது மண். ‘உடும்புப் பிடி’ என்கிறோமே, அந்தப் பிடியைத் தரும் நகம்தான் வளையும் தோண்டுகிறது. குறைந்தது ஓரடி ஆழத்துக்கு, வளை இடியாதபடி ஈரப்பதமுள்ள மணல் கலந்த செம்மண் வேண்டும். நான்கடிப் பெட்டி போதும் என்பாரும் உண்டு. எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரமே சரியான அளவு. அந்தத் தரையில் ஓரடி மண் கொட்டினால் எடை ஒரு டன்னைத் தாண்டும் என்பதால் மேசையும் மாடியும் ஆகாது. ஈரமண் பூஞ்சை பிடிக்கும் என்று காய்ந்த மணலையோ காகிதத்தையோ பரப்புவது இன்னும் கெடுதல். வலைமூடி போட்ட மீன்தொட்டியில் விளக்கு ஈரத்தை உறிஞ்சிவிட, உடும்பு உள்ளுக்குள் வறண்டு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. மூடிய மரப்பெட்டியே ஏற்றது.

கீழ் கோத்தகிரி போன்ற மலையூரில் இவை அனைத்தும் இரட்டிப்புக் கடினம். மார்கழி, தை இரவுகளின் குளிரும் நாள்கணக்கில் விலகாத மூடுபனியும் பெட்டியின் சூட்டை இழுத்துவிடும். அதனால் சுவர்களுக்குத் தெர்மோகோல் உறையும், தெர்மோஸ்டாட்டும், மழைக்கால மின்தடைக்கு இன்வெர்ட்டரும் இன்றியமையாதவை. தேயிலைத் தோட்டத்து மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் ஊறியிருக்கும். அதைக் கொட்டக் கூடாது.

நம் மண்ணின் உடும்பையே வளர்த்தால் இத்தனை பாடு வேண்டாமே என்று கேட்கலாம். அதுவும் வெயில் காய்ந்து வாழும் பிராணிதான். அறையில் அடைத்தால் அதற்கும் இதே விளக்கும் மண்ணும் வேண்டும், உடல் பெரிது என்பதால் இடம் பன்மடங்கு வேண்டும். அதைவிட முக்கியமானது சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை உயிரினம். பிடித்தாலோ வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. வெளிநாட்டுக் குள்ள உடும்பு வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தோட்டத்துக்குள் உடும்பு வந்தால் கூண்டு தேடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.