உள்ளாட்சி வாக்குப்பதிவு

ஊராட்சி முதல் மாநகராட்சி வரையிலான மன்றங்களுக்கு உரியவர்களை, வாக்காளர் தம் வார்டின் வாக்குச்சாவடிக்கு நேரில் சென்று தேர்ந்தெடுக்கும் முறை. தமிழ்நாட்டில் இதை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது.

இதன் வரலாற்றைப் பலரும் உத்திரமேரூரிலிருந்து தொடங்குவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். அது குலுக்கல், ஊரார் எல்லாரும் அளித்த வாக்கு அன்று.

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது பெரும்பாலும் வரி கட்டுவோரின் உரிமையாகவே இருந்தது. விடுதலைக்குப் பிறகே குடிசைவாசியும் மிராசுதாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையும் அடிக்கடி அறுந்தது. ஊராட்சிகளுக்கு 1970இல் நடந்த தேர்தல், அடுத்து 1986இல்தான் நடந்தது. 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலைக் கட்டாயமாக்கின. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் தேர்தல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடும் வந்தது.

ஒதுக்கீட்டை ஏற்க மறுத்த ஊர்களும் இருந்தன. மதுரை மாவட்டம் மேலவளவில், ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவில்லை. 2006இல்தான் தலைவர்கள் பொறுப்பேற்று நிலைத்தார்கள். வாக்குச்சாவடிக்கு நடந்து போவதே சிலருக்கு எவ்வளவு பெரிய போராட்டம் என்பதை இவ்வூர்கள் காட்டின.

கிராமத்துச் சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வகுப்பறைதான். அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கிறார். வேட்பாளர்களின் முகவர்கள் தம் பட்டியலில் கோடிடுகிறார்கள். இடக்கை ஆள்காட்டி விரலில் மை ஏறுகிறது. பிறகு கைக்கு நான்கு சீட்டுகள் வரும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தையும் சின்னத்தையும் கொண்டு பிரித்தறியலாம். முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி போன்ற சுயேச்சைச் சின்னங்களே உண்டு. மறைப்புக்குள் முத்திரை குத்தி, மை மறுபக்கம் பதியாதபடி மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் முறையே 76.19, 77.73 விழுக்காட்டினர் வாக்களித்தனர். நகர்ப்புறங்களிலோ 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. அங்கே மின்னணு இயந்திரம். மாநில அளவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. சென்னையிலோ 43.59 விழுக்காடுதான். குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பாக உள்ள ஊரில் பாதிப் பேருக்கு மேல் சாவடிக்கு வரவில்லை என்பது வருந்தத்தக்கது.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரகப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடத்தப்படாததால், அந்த ஊராட்சிகளின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது.