முதல் பத்து நூல்கள்: ஃபெர்லிங்கெட்டியைப் 'பீட் பதிப்பாளர்' என்பது தகுமா?

லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி 2021 பிப்ரவரி 22 அன்று தம் 101ஆம் வயதில் காலமானார். கவிஞர், பதிப்பாசிரியர், பதிப்பாளர், புத்தகக் கடைக்காரர் என்று அவர் வாழ்ந்த நீண்ட வாழ்க்கையை 'பீட் தலைமுறையின் பதிப்பாளர்' என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1950களில் அமெரிக்காவில் மரபை மீறி எழுதிய பீட் இயக்கத்தின் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கின் 'ஹவுல்' நூலும் அதன்மேல் நடந்த ஆபாச வழக்கும் இந்த அடையாளத்தைத் தந்தன. வழக்கின் புகழ் பதிப்பாசிரியரின் வேலையை மறைத்துவிட்டது என்பதே என் வாதம். அவர் வெளியிட்ட நூல்களின் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும்.

1955இல் தம் 'சிட்டி லைட்ஸ்' பதிப்பகத்தில் அவர் தொடங்கிய 'பாக்கெட் பொயட்ஸ்' வரிசையின் முதல் நூல் ஃபெர்லிங்கெட்டியின் சொந்தத் தொகுதி. இரண்டாவது, கென்னத் ரெக்ஸ்ராத் மொழிபெயர்த்த ஸ்பானியக் கவிதைகள். மூன்றாவது கென்னத் பாட்சென். நான்காவதாகத்தான் 1956இல் 'ஹவுல்' வருகிறது. அதன்பின் மாரி பான்சோ, டெனிஸ் லெவர்டோவ், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், கிரெகரி கோர்சோ, ழாக் ப்ரெவேர், ராபர்ட் டங்கன். இந்தப் பத்தில் பீட் கவிஞர் என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் கின்ஸ்பர்க்கும் கோர்சோவும் மட்டுமே. வில்லியம்ஸின் நூல் 1920இல் வெளிவந்து மறக்கப்பட்டிருந்த ஒன்றின் மறுபதிப்பு. லெவர்டோவுக்கு அமெரிக்காவில் அதுவே முதல் தொகுதி. பான்சோவுக்கும் அது முதல் தொகுதி. அவருடைய அடுத்த நூல் வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆனது. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கவிஞரை 1950களிலேயே இனங்கண்ட அந்தக் கண்ணை எந்த இயக்கத்தின் கணக்கில் எழுதுவது?

ப்ரெவேர் தேர்வுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த ஃபெர்லிங்கெட்டி, 1944இல் பிரான்சின் சேன் பிரியே ஊரில் ஒரு காகித மேசைவிரிப்பில் எழுதியிருந்த கவிதையாகத்தான் ப்ரெவேரை முதன்முதலில் படித்தார். பிறகு தாமே மொழிபெயர்த்து வரிசையின் ஒன்பதாம் நூலாக வெளியிட்டார். சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்ட கவிதை என்ற அந்த அனுபவம் அவருடைய பதிப்புக் கொள்கையாகவே ஆனது என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கொள்கையை நூலின் உருவத்திலேயே காணலாம். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு அளவு, மெல்லட்டை, 'ஹவுல்' விலை 75 சென்ட். 1953இல் பீட்டர் மார்ட்டினும் அவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் தொடங்கிய 'சிட்டி லைட்ஸ்', மெல்லட்டை நூல்களை மட்டுமே விற்ற கடை. மெல்லட்டை என்றாலே மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் விற்கும் மலிவுச் சரக்கு என்று கருதப்பட்ட நாட்டில், தீவிர இலக்கியத்துக்கு அந்த உருவத்தையே தேர்ந்தது துணிச்சலான முடிவு. நவீன கவிதையில் நகரம் குறியீடாக வருவதைப் பற்றி சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர், நகரத்துத் தெருவில் கவிதைக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்.

வழக்குக்கு வருவோம். 1957 மார்ச்சில், இங்கிலாந்தில் அச்சாகி வந்த 520 பிரதிகளைச் சுங்கத் துறை கைப்பற்றியது, பிறகு விடுவித்தது. ஜூனில் மாறுவேடக் காவலர்களுக்கு ஒரு பிரதியை விற்றதற்காகக் கடை ஊழியர் ஷிக் முராவ் கைதானார். போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர் என்பதற்காகத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிடக் கூடாது. அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், நூலுக்குச் சமூக முக்கியத்துவம் உண்டு, அது ஆபாசம் அல்ல என்று தீர்ப்பளித்தார். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது இதற்கு முந்திய ஒரு செயலை: அச்சுக்கு அனுப்புமுன்பே ஃபெர்லிங்கெட்டி கைப்பிரதியை அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சங்கத்திடம் காட்டி, வழக்கு வந்தால் துணை நிற்பதாக உறுதி பெற்றிருந்தார். வருவது என்ன என்று தெரிந்தே ஏற்ற பொறுப்பு அது.

அவருடைய கவிதைகள் அவர் வெளியிட்ட கவிஞர்களுடையவற்றைவிட எளிமையானவை, மேடைக்கு எழுதப்பட்டவை என்ற விமர்சனத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. 1958இல் வந்த 'எ கோனி ஐலண்ட் ஆஃப் தி மைண்ட்' தொகுதியில் ஜாஸ் இசையோடு உரக்கச் சொல்வதற்கென்றே எழுதிய கவிதைகள் உண்டு. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நூலை அவர் தம் பதிப்பகத்தில் போடவில்லை. இன்னொரு கவிஞர்-பதிப்பாளரான ஜேம்ஸ் லாஃப்லினின் 'நியூ டைரக்‌ஷன்ஸ்' வெளியிட்டது. தம் குரலைத் தம் வரிசைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டவர் அல்லர் அவர். எளிமையை விரும்பிய அதே மனிதர்தான் டங்கனின் அடர்த்தியான கவிதைகளையும் வெளியிட்டார். 1959இல் ஃபிராங்க் ஓ'ஹாராவிடம் கேட்ட தொகுதிக்காக 1964வரை காத்திருந்தார்.

குறைகளும் உண்டு. தொடக்கப் பத்தில் இரு பெண்களுக்கு இடம் தந்த வரிசை, பின்னர் பெரும்பாலும் ஆண்களுடையதாகிவிட்டது. பீட் இயக்கப் பெண்கவிஞர் டயான் டி ப்ரிமாவின் நூல் 1971இல்தான் அதில் வந்தது. பீட் இயக்கத்தின் முதன்மை எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் 'மெக்சிகோ சிட்டி ப்ளூஸ்' கைப்பிரதியை அவர் ஏற்கவில்லை. 1959இல் குரோவ் பிரஸ் அதை வெளியிட்டது. தவறான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பீட் இயக்கத்துக்கு அச்சகம் நடத்திய ஒருவர் கெரவாக்கைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார். தம் ரசனையை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியர்தான் அப்படிச் செய்வார்.