டிவிடி பிளேயர் பழுது: வகை, காரணம், ஆய்வுமுறை

1. வரையறை

டிவிடி பிளேயர் என்பது 12 செ.மீ. விட்டமுள்ள வட்டில் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுருண்டோடும் தடத்தை, 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரால் படிக்கும் கருவி. அதன் உறுப்புகளை நான்காகப் பகுக்கலாம்: வீட்டு மின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்மின்னோட்டமாக்கும் மின்வழங்கி, தட்டை நகர்த்தி வட்டைச் சுழற்றும் இயங்குபகுதி, லேசரும் லென்ஸும் அடங்கிய ஒளித்தலை, படித்ததைப் படமும் ஒலியுமாக்கும் சுற்றுப்பலகை.

இவற்றுள் ஒன்று தன் வேலையில் தவறுவதே பழுது. வெளியே தெரிவது அறிகுறி. திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வருவது அறிகுறி மட்டுமே. ஒரே அறிகுறிக்குப் பல பழுதுகள் காரணமாகலாம்.

2. காரணங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் நாம் கருதவேண்டிய காரணங்கள் மூன்று.

அ. தூசு: இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் பஞ்சுத் துகளும், நாமக்கல் கோழிப்பண்ணைகளை அடுத்த வீடுகளில் தீவன மாவும் காற்றுத் துளை வழியே புகுந்து லென்ஸில் படியும். சமையல் புகையின் எண்ணெய்ப் பசை சேர்ந்தால் ஊதினாலும் போகாது.

ஆ. வெப்பம்: மின்பகு மின்தேக்கி 10 பாகை கூடுதல் வெப்பத்தில் இயங்கினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கோடையில் மூடிய அலமாரிக்குள் வைத்த கருவியில் மின்தேக்கி உப்புவதும் ரப்பர் பெல்ட் தளர்வதும் இதனால்தான்.

இ. தேய்வு: நெடுநாள் ஓடிய லேசர் வலுவிழக்கும்.

3. ஆய்வு நிலைகள்

செலவும் தீங்கும் இல்லாததில் தொடங்கி, அவை மிகுந்ததை நோக்கிச் செல்வதே முறை.

முதல் நிலை, வட்டு. நன்றாக ஓடும் வேறொரு வட்டைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

இரண்டாம் நிலை, மின்வழங்கி. முகப்பு விளக்கு எரியாவிட்டாலும் விட்டுவிட்டு எரிந்தாலும் ஃபியூஸையும் உப்பிய மின்தேக்கியையும் ஐயுறலாம். 230 வோல்ட் மின்சாரம் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டு, மல்ட்டிமீட்டரால் அளந்த பின்னரே தொடவேண்டும்.

மூன்றாம் நிலை, தட்டு. மோட்டார் ஓசை கேட்டும் தட்டு வராவிட்டால் பெல்ட் வழுக்குகிறது.

நான்காம் நிலை, ஒளித்தலை. வட்டு சுழலாததைக் கண்டதும் மோட்டாரைக் குறைகூறக்கூடாது. லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியம் கண்ட பின்னரே பல கருவிகளில் வட்டு சுழலத் தொடங்கும். லென்ஸ் அழுக்கானால் மோட்டாருக்கு ஆணையே போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிதே தோய்த்த பட்ஸால் அழுத்தாமல் துடைக்கவேண்டும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. எரியும் லேசரை நேராகப் பார்க்கக்கூடாது.

துடைத்த பிறகும் சிடி ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால், முடிவு ஏறத்தாழ உறுதி. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர். அது ஓடுவதால் மோட்டாரும் மின்வழங்கியும் ஐயத்திலிருந்து நீங்கும். எஞ்சுவது 650 நானோமீட்டர் லேசரே. இந்நிலையில்தான் ஒளித்தலையை மாற்றுவது தகும்.

4. முடிவு

புதிய ஒளித்தலைகள் பலவற்றில், நிலைமின்னிலிருந்து காக்க ஈயப் பொட்டு ஒன்று வைத்திருப்பார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பின் அதை எடுத்துவிடவேண்டும். எடுக்க மறந்தால் புதிய தலையிலும் அதே ‘நோ டிஸ்க்’ வரும். அறிகுறியை மட்டும் நம்புவோர் அடுத்து நல்ல சுற்றுப்பலகையையும் மாற்றுவார்கள். நிலைகளை வரிசையாகக் கடந்தவர் தாம் கடைசியாகத் தொட்ட இடத்தை மறுபடி பார்ப்பார்.